சேற்றில் முப்பத்தோராம் இடம்

நாற்பத்தாறு வயதுவரை விமலநாதன் பொறாமைப்படாமல் விட்டுவைத்திருந்த பொருள் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது சேறு.

மற்றவற்றை எல்லாம் அவர் ஒழுங்காகப் பார்த்து முடித்திருந்தார். சகலன் யோகேந்திரன் டொலார்ட்-டெஸ்-ஓர்மோ புறநகரில் வீடு வாங்கியபோது வீட்டுக்கு ஒன்று, வீட்டோடு ஒட்டி வந்த இரட்டைக் கராஜுக்கு ஒன்று, அந்தக் கராஜின் கதவு தானாகத் திறந்து தானாக மூடியதற்கு ஒன்று என்று மூன்று தனித்தனிப் பொறாமைகள். லாசாலில் மூன்றாம் மாடியில் குடியிருந்துகொண்டு, அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் போர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டு, ஒரு தனி மனிதன் இவ்வளவையும் சமாளிப்பது லேசான காரியமில்லை. ஆனாலும் சமாளித்தார். 2006 ஒக்டோபரில் கணேசலிங்கத்தின் மாதப் பத்திரிகையில் யோகேந்திரனின் படம் வரும்வரை.

படத்தில் உச்சி முதல் உள்ளங்கால்வரை சேறு. பல் மட்டும் வெள்ளை. தோளில் ஒரு சைக்கிள். கீழே கொட்டை எழுத்தில், ‘சைக்கிளோகிராஸ் களத்தில் நம்மவர்’.

சைக்கிளோகிராஸ் என்றால் என்ன என்று விமலநாதன் விசாரித்து அறிந்துகொண்டார். சைக்கிள் ஓட முடியாத இடமாகப் பார்த்துச் சைக்கிள் ஓடுவது. அங்கே எப்படியாவது ஓடிவிட முடியும் என்று தெரிந்தால் குறுக்கே பலகை வைத்து, இறங்கித் தோளில் தூக்கிக்கொண்டு ஓட வைப்பது. இதற்கு உலகப் போட்டி உண்டு. வீடு விற்றுக் கொடுக்கும் யோகேந்திரன், ஐம்பது வயதில், வேலை மெனக்கெட்டு இதைச் செய்கிறார்.

அடுத்த வெள்ளிக்கிழமை செயின்ட்-ரேஜி வீதி முருகன் கோயிலில், அன்னதானப் பந்தியில், விமலநாதன் மெதுவாகக் கேட்டார்.

“அண்ணை, எத்தினையாவதா வந்தனீங்கள்?”

“இது அப்பிடிப் பாக்கிற விளையாட்டில்லை, விமல்,” என்றார் யோகேந்திரன். “உமக்கு விளங்காது. இது உள்ளுக்கை நடக்கிற ஒரு தவம்.”

“கடைசியோ?”

“கடைசிக்கு முதல்,” என்றாள் யோகேந்திரனின் மனைவி பாலாம்பிகை, சாம்பார் வாளியோடு அந்தப் பக்கம் வந்தவள். “கடைசியா வந்த ஆளுக்குக் கால் சுளுக்கு.”

பத்திரிகைக்காரர் கணேசலிங்கம் பக்கத்திலேதான் இருந்தார். பழைய மாணவர் சங்கத்தின் செயலாளரும் அவரே. “கடைசிக்கு முதலோ பிறகோ, எங்கடை ஆக்களில ஓடினவர் இவர் ஒராள்தானே. நவம்பர் இரவு விருந்தில விளையாட்டு வீரருக்கான பொன்னாடை இவருக்குத்தான். வேறை ஆரும் தமிழ் ஆள் ஓடி, ரிசல்ட் பேப்பரில இவருக்கு மேலை நிண்டால் அவருக்குப் போர்ப்பம். சங்கத்துக்கு ஓரவஞ்சகம் கிடையாது.”

யோகேந்திரன் சிரித்தார். அந்தச் சிரிப்பிலும் பல் வெள்ளையாகவே இருந்தது. விமலநாதனுக்குப் பாயாசம் இறங்கவில்லை.

மறுவாரமே அவர் சம்மேளனத்தைத் தேடிப் போனார். நகரத்தின் சேற்றுச் சைக்கிள் சம்மேளனம் ஒரு பல்மருத்துவரின் அலுவலகத்துக்கு மேலே, ஒற்றை அறையில் இருந்தது. அதற்குத் தலைவர் ஒருவர், பிரதம நடுவர் ஒருவர். இருவரும் முசியே கஞோன் என்ற ஒரே ஆள். நடுவராக இருக்கும்போது வெள்ளைத் தொப்பி, தலைவராக இருக்கும்போது நீலத் தொப்பி. தலைவர் நடுவரின் வேலையில் தலையிட்டுவிடக் கூடாது என்பதற்காக இருவரும் நேரில் கதைப்பதில்லை. எல்லாம் கடிதம் மூலம்தான்.

“தனி ஆளாக ஓட முடியாது,” என்றார் கஞோன், வெள்ளைத் தொப்பியில். அவர் பிரெஞ்சில் சொன்னதை ஆங்கிலத்திலும் சொன்னார். இரண்டிலும் கண்டிப்பு ஒரே அளவில் இருந்தது. “ஒரு கழகம் வேண்டும். புதிய கழகத்தில் குறைந்தது ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். நாங்கள் சமத்துவத்தை மிகத் தீவிரமாக எடுத்துக்கொள்ளுகிறவர்கள்.”

“பேர் மட்டும் இருந்தால் போதுமோ?”

“பெயர் மட்டும் என்றால் அது ஏமாற்று. அவர் புறப்படும் கோட்டில் நிற்க வேண்டும். அதற்குப் பிறகு அவருக்கு என்ன ஆனாலும் சம்மேளனம் கவலைப்படாது.”

அன்று மாலையே லாசால் வேலவன் சைக்கிள் கழகம் உதயமானது. தலைவர் விமலநாதன். மற்ற உறுப்பினர் அவருடைய மனைவி சிவாஜினி. வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவள் ஈரக்கையோடு கையெழுத்து வைத்தாள்.

“உதென்ன, காப்புறுதியோ?”

“ஓம், அது மாதிரித்தான். வாற ஞாயிறு காலமை ஒருக்கா வந்து சைக்கிளோடை நில்லும். ஒரு சுத்துச் சுத்திப்போட்டு இறங்கலாம்.”

“ஞாயிறு உடுப்புத் தோய்க்கிற நாள்.”

“பேந்து தோய்க்கலாம். சேறு எண்டபடியால் எப்பிடியும் தோய்க்கத்தானே வேணும்.”

சிவாஜினியிடம் ஏற்கெனவே ஒரு சைக்கிள் இருந்தது. காரை விமலநாதன் கொண்டுபோய்விடுவதால், வெர்டனில் கார்டெரி என்ற குழந்தைகள் காப்பகத்துச் சமையலறை வேலைக்கு ஆறு வருடமாக அவள் அதில்தான் போய்வந்தாள். முன்னுக்குக் கூடை, பின்னுக்குக் கரியர், இரண்டு சில்லுக்கும் மட்காட். கீழே கட்டிவைத்தால் களவு போகும் என்பதால் வெளிப்படிக்கட்டில் மூன்று மாடிக்குத் தோளில் தூக்கி வருவாள். பனிக்காலத்தில் படி வழுக்கும் என்று விமலநாதன் பலமுறை கதவைத் திறந்து எச்சரித்திருக்கிறார். அதெல்லாம் சைக்கிள் ஓட்டம் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. அது வேலைக்குப் போவது.

தனக்கு அவர் ஒரு பல்கலைக்கழக மாணவனிடமிருந்து வளைந்த ஹாண்டில் வைத்த பழைய பந்தயச் சைக்கிள் ஒன்றை வாங்கினார். வாங்கியவுடன் புது வாகனத்துக்குச் செய்ய வேண்டியதைச் செய்தார். கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை வைத்தார். ஐயர் சைக்கிளின் கழுத்தில் மூன்று விரலால் திருநீறு பூசி, சந்தனப் பொட்டு வைத்து, ஹாண்டிலில் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கட்டிவிட்டார். கண்ணூறு படக் கூடாது அல்லவா. விமலநாதனுக்குக் கண்ணூற்றைப் பற்றி நன்றாகத் தெரியும். அந்தத் துறையில் அவருக்கு நெடுங்கால அனுபவம்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஆற்றங்கரைப் பூங்காவில் புல் நுனியெல்லாம் உறைந்து கிடந்தது. ஒரு வாரமாக மழை இல்லை. ஆகவே சம்மேளனம் தண்ணீர் லொறி கொண்டுவந்து நிலத்தை நனைத்துக்கொண்டிருந்தது. கஞோன் குனிந்து ஒரு பிடி சேற்றை எடுத்து, பிசைந்து, மணந்து பார்த்து, பலகையில் கட்டியிருந்த தாளில் கையெழுத்திட்டார். மண்ணும் தண்ணீரும் சேர்ந்தால் மட்டும் சேறாகிவிடாது. அது அங்கீகரிக்கப்பட வேண்டும்.

பிறகு சைக்கிள் சோதனை. விமலநாதனின் சைக்கிளைப் பார்த்ததும் கஞோனின் முகம் மாறியது.

“இந்த மூன்று வெள்ளைக் கோடுகள் எந்த நாட்டுச் சாம்பியனுடையவை?”

“அது சாமியினுடையது.”

“சாமிக்கு எங்கள் உரிமம் இருக்கிறதா? சாம்பியன்கள் மட்டுமே கோடு போடலாம். அழியுங்கள்.” பிறகு எலுமிச்சம்பழத்தை விரலால் தட்டினார். “இது உணவு. ஓட்டத்தின்போது உணவு கொண்டுபோவது குற்றம்.”

“இது தின்னுறதுக்கு இல்லை ஐயா. கட்டுறதுக்கு.”

“உணவு இல்லையென்றால் விளம்பரம். விளம்பரத்துக்கு முன் அனுமதி வேண்டும்.”

எலுமிச்சம்பழம் உணவா விளம்பரமா என்று தீர்மானிக்க நடுவர் தலைவருக்குக் கடிதம் எழுதினார். தொப்பியை மாற்றிக்கொண்டு தலைவர் அதை வாசித்தார். வாசித்து முடிக்கப் பன்னிரண்டு நிமிடம் பிடித்தது. பழம் பறிமுதல் ஆனது.

யோகேந்திரன் கார்பன் இழையில் செய்த தன் சைக்கிளை இரண்டு விரலால் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றார். அதன் நிறை ஒரு கைக்குழந்தையின் நிறை. “என்ன விமல், தேங்காய் உடைக்கேல்லையோ?” என்றார்.

சிவாஜினியின் முறை வந்தது. கூடை கழன்றது, பெல் கழன்றது, கரியர் கழன்றது. மட்காட்டுக்கு வந்தபோது கஞோன் உண்மையாகவே மனம் நொந்துபோனார். “மதாம், சேறு ஓட்டக்காரரை வந்தடைவதற்கு உரிமை உண்டு. அதை நீங்கள் தடுக்க முடியாது.” அதுவும் கழன்றது. மிஞ்சியதைத் தராசில் வைத்தார். பதினேழு கிலோ. “இதை நீங்கள் தூக்க வேண்டிவரும் என்று தெரியுமா?”

“ஒவ்வொரு நாளும் தூக்கிறனான்,” என்றாள் சிவாஜினி. “பால் பையும் கொழுவியிருக்கும்.”

ஒன்பது மணிக்கு நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் முப்பத்துநான்கு பேரும், எல்லா வயதுப் பெண்கள் ஆறு பேரும் கோட்டில் நின்று நடுங்கினார்கள். கஞோன் நீலத் தொப்பியில் மேசைமேல் ஏறினார்.

“எங்கள் விளையாட்டில் ஆணும் பெண்ணும் சமம். முதல்தர ஆண்கள் பிற்பகல் இரண்டு மணிக்கு, வெயிலில், இசையோடு, ஒரு மணி நேரம் ஓடுவார்கள். பெண்கள் நாற்பது நிமிடம் ஓடுவார்கள். மிச்சமுள்ள இருபது நிமிடத்தைச் சம்மேளனம் பெண்களுக்காகவே பத்திரமாக வைத்திருக்கிறது. ஆண்கள் உலகப் போட்டி ஓடத் தொடங்கி ஐம்பத்தாறு வருடமாகிறது. பெண்களைச் சேர்த்து ஆறு வருடம். பதக்கங்களின் விட்டத்தையும் அதே விகிதத்தில் அமைத்திருக்கிறோம். பெண்களுக்கு ஏன் தனி ஓட்டம் இல்லை என்று சிலர் கேட்கிறார்கள். போதிய பெண்கள் வருவதில்லை. ஏன் வருவதில்லை என்று ஆராய ஏழு பேர் கொண்ட குழு அமைத்தோம். ஏழு பேரும் இந்த விளையாட்டில் நெடுங்காலம் இருந்த ஆண்கள். பெண்களுக்கு ஆர்வமில்லை என்று ஏகமனதாகக் கண்டுபிடித்தார்கள்.”

பெண்கள் வரிசையில் நின்ற உயரமான ஒருத்தி கையை உயர்த்தினாள்.

“கேள்விகள் மூன்று மணிக்கு,” என்றார் கஞோன். பெண்களை வீட்டுக்கு அனுப்பும் நேரம் பதினொன்று.

விசில் ஊதியது. ஆண்கள் புறப்பட்டார்கள். ஒரு நிமிடம் கழித்துப் பெண்கள்.

விமலநாதனுக்கு முதல் சுற்றிலேயே நுரையீரல் இரண்டும் தனித்தனியாக ராஜினாமாக் கடிதம் எழுதின. பலகை வந்த இடமெல்லாம் இறங்கினார். பலகை இல்லாத இடங்களிலும் சைக்கிள் அவரை இறக்கிவிட்டது. முன்னால் முப்பத்தொரு பேர். கண்ணில் பட்டது ஒரு முதுகுதான், யோகேந்திரனின் முதுகு. அந்த முதுகை அவருக்குப் பதினெட்டு வருடமாகத் தெரியும். கலியாண வீட்டில், கோயில் வாசலில், எங்கும் அது அவருக்கு முன்னாலேதான் நின்றது.

மூன்றாம் சுற்றில் மேட்டுப் படிக்கட்டு வந்தது. சறுக்கும் களிமண்ணில் மரக்கட்டை பதித்த முப்பது படி. யோகேந்திரன் ஐந்தாம் படியில் நின்று இருமினார். விமலநாதன் நாலுகாலில் தவழ்ந்து அவரைக் கடந்தார். கடந்தே விட்டார். திரும்பிப் பார்த்தார். யோகேந்திரனின் முகம் கீழே இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் அந்த முகத்தை மேலிருந்து பார்க்கிறார். பொன்னாடையின் சரிகைகூடத் தோளில் உறுத்தியது போலிருந்தது.

“கொஞ்சம் ஒதுங்குங்கோ.”

இடப்பக்கமாக ஒரு சைக்கிள் தோளில் ஏறிப் போனது. பதினேழு கிலோ. சிவாஜினி அவசரப்படவில்லை. அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்தவள் மாதிரி ஒரே சீராகப் படி ஏறினாள். “அத்தான், ஒருக்கா வழி விடுங்கோ,” என்று அதற்கு முன்பே யோகேந்திரனைக் கடந்திருந்தாள். உச்சியில் சைக்கிளை இறக்கி வைத்து, ஒரு காலை வீசி ஏறி, போய்விட்டாள்.

விமலநாதன் படியில் அப்படியே நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அதற்குள் கால் சுளுக்கிய மனிதர் கடந்து போனார், காற்சட்டை கிழிந்த இன்னொருவர் கடந்து போனார், இருமி முடித்த யோகேந்திரனும் கடந்து போனார்.

முடிவில் ஆண்களில் யோகேந்திரன் முப்பத்துமூன்று. விமலநாதன் முப்பத்துநான்கு. பெண்களில் அந்த உயரமானவள் முதலாவது. சிவாஜினி இரண்டாவது. அவள் கழுத்தில் காற்சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பதக்கம் தொங்கியது.

விமலநாதன் லொறியின் பின்னால் நின்று காலுறையைப் பிழிந்துகொண்டிருந்தபோது யோகேந்திரன் ஒரு படிவத்தோடு வந்தார்.

“விமல், நான் எனக்காகச் சொல்லேல்லை. எங்கடை குடும்ப மானத்துக்காகச் சொல்லுறன். சிவா எனக்குத் தங்கச்சி மாதிரி. அதாலைதான் எனக்குக் கூட வலிக்குது.”

“என்னண்ணை?”

“விதி பதினாலு. கலந்து ஓடேக்கை ஒரு பொம்பிளை ஆம்பிளையைக் கடந்தால் அவற்றை மனசுக்கு இடைஞ்சல் வரப்படாது. வந்தால், இடைஞ்சல்பட்டவருக்கு அந்த நேரத்தில இருந்த இடத்தைத் திருப்பிக் குடுக்க வேணும். அவவின்ரை இடம் ரத்து. இதுக்கு இடைஞ்சல்பட்ட ஆக்கள் ரெண்டு பேர் கையெழுத்து வைக்க வேணும்.” குரலைத் தாழ்த்தினார். “கணேஸ் கமராவோடை வந்து நிக்கிறான். மச்சாள் தாண்டிப் போனவ எண்டு பேப்பரில வந்தால் நான் எந்த மூஞ்சியோடை வீடு விக்கிறது?”

அந்த நேரத்தில இருந்த இடம். விமலநாதன் அந்தச் சொற்களை வாயில் போட்டு மெதுவாகச் சப்பினார். சிவாஜினி கடந்த கணத்தில் அவர் மேற்படியில், யோகேந்திரன் கீழ்ப்படியில். அவர் முப்பத்தொன்று, யோகேந்திரன் முப்பத்திரண்டு. யோகேந்திரன் இதை யோசிக்கவில்லை என்பது அந்த வெள்ளைப் பல்லில் தெரிந்தது. ஒரு கையெழுத்து. பதினெட்டு வருட முதுகு பின்னால் போய்விடும்.

சிவாஜினி தூரத்தில் தண்ணீர்க் குழாயடியில் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“பேனை இருக்கோ அண்ணை?” என்றார் விமலநாதன்.

கஞோன் வெள்ளைத் தொப்பியில் விசாரணை நடத்தினார். “மனதில் இடையூறு ஏற்பட்டதா?”

“ஏற்பட்டது,” என்றார் விமலநாதன். அன்று முழுவதும் சம்மேளனத்தில் சொல்லப்பட்ட முதல் உண்மை அதுதான்.

“எவ்வளவு நேரம் நீடித்தது?”

“இன்னும் இருக்குது.”

கஞோன் அதைப் பெரிய எழுத்தில் குறித்துக்கொண்டார். முப்பது வருட அனுபவத்தில் இவ்வளவு ஆழமான இடையூறு பதிவானதில்லை என்றார். ஆனால் இடையூறு செய்தவரின் சம்மதமும் வேண்டும், இல்லையென்றால் வழக்கு ஜனவரிக் கூட்டத்துக்குப் போகும். விமலநாதனுக்கு நவம்பரில் விருந்து.

அவர்தான் குழாயடிக்குப் போய்க் கூப்பிட வேண்டியிருந்தது. சிவாஜினி கையைத் துடைத்துக்கொண்டு வந்து படிவத்தை முழுவதும் வாசித்தாள். அவளுடைய பிரெஞ்சு அவருடையதைவிட நல்லது. பிள்ளைகளோடு பழகியது.

“இதிலை வைச்சால் உங்களுக்கு எத்தினையாம் இடம் வருது?”

“முப்பத்தொண்டு.”

“அத்தானுக்கு?”

விமலநாதன் நிலத்தைப் பார்த்தார். “முப்பத்திரண்டு.”

அவள் கையை நீட்டிப் பேனையை வாங்கினாள். அவர் திட்டை எதிர்பார்த்தார். திட்டுக்குப் பதிலும் தயாராக வைத்திருந்தார். விதி விதிதான், நான் என்ன செய்ய, பொத்தான் மாதிரி ஒரு பதக்கம், அதிலை என்ன இருக்கு. அவள் கையெழுத்து வைத்தாள். பதக்கத்தைத் தலைக்கு மேலால் கழற்றி மேசையில் வைத்தாள்.

“பைப்பைப் பூட்டாமல் வந்திட்டன்,” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள்.

கஞோன் நடுவராகத் தீர்ப்பை எழுதி உறையில் போட்டார். நீலத் தொப்பியை வைத்துக்கொண்டு அந்த உறையைப் பிரித்தார். வாசிக்க வாசிக்கப் புருவம் உயர்ந்தது. “அருமையான தீர்ப்பு,” என்றார். “யார் எழுதினாலும் அவருக்கு என் பாராட்டு.” முத்திரை விழுந்தது. புதிய முடிவுத் தாள் பலகையில் ஏறியது.

யோகேந்திரன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாசித்தார். “இதென்ன, நீர் முப்பத்தொண்டு, நான் முப்பத்திரண்டோ? நான்தானே உமக்கு முன்னாலை வந்து முடிச்சனான்?”

“அந்த நேரத்தில நான்தான் மேலை நிண்டனான் அண்ணை. நீங்கள்தானே எழுதிக் குடுத்தனீங்கள்.”

கணேசலிங்கம் தாளைப் படம் எடுத்துக்கொண்டார். “பேப்பர் பேப்பர்தான். விமல், நவம்பர் பதினெட்டு. கோட் சூட்டோடை வாரும்.”

கிடைத்துவிட்டது. விமலநாதன் முடிவுத் தாளின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கி நாலாக மடித்து நெஞ்சுப் பையில் வைத்தார். சந்தோசம் வரும் என்று ஒரு நிமிடம் காத்து நின்றார். பசிதான் வந்தது.

குழாயடியில் பெண்கள் நான்கைந்து பேர் கூடி நின்றார்கள். அந்த உயரமானவள் சிவாஜினியின் சைக்கிளை ஒரு கையால் தூக்கிப் பார்க்க முயன்றாள், முடியாமல் தடாலென்று கீழே வைத்தாள். சிவாஜினி பாரத்தை எந்த எலும்பில் வைக்க வேண்டும் என்று தோளைத் தொட்டுக் காட்டினாள். ஒவ்வொருத்தியாகத் தூக்கிப் பார்த்தார்கள். ஒருத்தி கால் தடக்கிச் சேற்றில் இருந்துவிட்டாள். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிவாஜினி குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து விமலநாதன் பார்த்ததில்லை. அல்லது அவர் இருக்குமிடத்தில் அவள் அப்படிச் சிரிப்பதில்லை. நெஞ்சுப் பையில் தாள் ஈரமாகிக்கொண்டிருந்தது.

யோகேந்திரன் வந்து பக்கத்தில் நின்றார். அவரும் அந்தப் பக்கமே பார்த்தார்.

“விமல், என்னத்துக்குச் சிரிக்கினம்?”

“தெரியாது அண்ணை.”

“எங்களைப் பற்றியோ?”

விமலநாதன் கவனித்துப் பார்த்தார். அவர்களில் ஒருத்தியாவது இந்தப் பக்கம் திரும்புவாள் என்று பொறுத்துப் பார்த்தார்.

“இல்லை அண்ணை,” என்றார். “எங்களைப் பற்றி இல்லை.”